மாவு மில்லும் என் ரோஸ்டரும்

போன மாதத்தில் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். "சார், சரக்கு விமானத்துல சேர்ந்திருக்கேன். எந்த ஊரை பேஸா எழுதிக் கொடுக்கட்டும்?" முதல் ஆளிடம் சென்னை என்றேன். இரண்டாவது ஆளிடம் பெங்களூரு என்றேன். மூன்றாவதாகப் பேசிய பெண்ணிடம் சிக்னல் சரியில்லை என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்கு கோடுகளும் இருந்தன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பொய் சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமானால் எங்கள் தெருவில் இருக்கும் மாவு மில்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் அதைச் சொல்ல முடியாது. நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. எழுதினால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பேஸ் என்பது விமானிக்கு வேலை தொடங்கி முடிகிற ஊர். கம்பெனிக்கு அதுதான் நம் ஊர். நம் வீடு அங்கிருந்து ஏழு மணி நேரம் தள்ளி இருந்தால் அது நம் பாடு. வீட்டுக்கும் பேஸுக்கும் இடையில் சொந்த நேரத்தில், சொந்தச் செலவில் அலைய வேண்டியதுதான். அந்த அலைச்சல் எந்த இடத்திலும் வேலையாகப் பதிவாகாது. ஓய்வு என்றே பதிவாகும். புதிதாக வந்திருப்பவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படித்துவிட்டு மேலே வாருங்கள்.

நான் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. லைசென்ஸ் இருபத்தைந்திலேயே வாங்கியிருந்தேன். வேலை கொடுக்க ஆளில்லாமல் திண்டுக்கல்லில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். என்னோடு சேர்ந்த மற்ற எட்டுப் பேரும் என் மாணவர்கள் வயதுடையவர்கள். ஆனால் சீனியாரிட்டி பட்டியலில் நான்தான் கடைசி. கடைசியில் இருப்பவனுக்கு மற்றவர்கள் ஒதுக்கியது மிஞ்சும். எனக்கு இரண்டு ஊர்கள் மிஞ்சின, சென்னையும் பெங்களூரும்.

பெங்களூரில் ஆட்கள் குறைவு, சீக்கிரம் கேப்டன் ஆகலாம் என்றார்கள். ஆனால் குடும்பத்தோடு போய்விட வேண்டும். என் மனைவி வசந்தா திண்டுக்கல் பக்கத்து எரியோட்டில் அரசுப் பள்ளி ஆசிரியை. மாநிலம் விட்டு மாநிலம் மாறுதல் கிடையாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் போய்விட்டால் வீட்டில் அவள் ஒருத்திதான்.

எதையும் எண்ணாமல் முடிவெடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒரு சார்ட் காகிதம் வாங்கிக் கட்டம் போட்டேன். ரயில் நேரம், பஸ் நேரம், விமான டிக்கெட்டில் ஊழியர் சலுகை, மழைக்காலத் தாமதம் என்று எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கட்டம். கடைசிக் கட்டம், மாதத்துக்கு எத்தனை நாள் வீட்டில் இருக்கலாம் என்பது. சென்னைக்குப் பதின்மூன்று வந்தது. பெங்களூருக்கு ஒன்பது. பதின்மூன்றின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்து, காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கும் காட்டினேன், கேட்காதவர்களுக்கும் காட்டினேன்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த கேப்டன் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண்மணி. என்னைவிட ஏழு வயது இளையவர். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் சார்ட்டை விரித்தேன். அவர் டம்ளரை ஓரமாக நகர்த்திவிட்டு முழுவதும் படித்தார்.

"நல்லாப் போட்டிருக்கீங்க. ஏனுங்க சார், பதிமூணு நாள் வீட்டுல இருப்பீங்க, சரி. அதுல எத்தன நாள் முழிச்சிருப்பீங்க?"

"அது எதுக்கு மேடம்?"

"நாம பறக்கறது ராத்திரிங்க. காலைல எறங்கி, விழுந்தடிச்சு வீட்டுக்கு ஓடுனா, போயித் தூங்கத்தானுங்க செய்வீங்க? அதுக்கு ஒரு கட்டம் போடலீங்களே."

"வீட்டுல தூங்குறதும் வீட்டுல இருக்கறதுதானே மேடம்."

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "தூங்கறவிங்களுக்கு அப்படித்தானுங்க இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணமாகாத பெண், இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்னை என்று எழுதிக் கொடுத்தேன்.

முதல் வருடம் நான் செய்த சின்னத் தவறுகளை எண்ணினால் பக்கம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். சென்னையில் விடியும்போது இறங்குவேன். காலை விமானத்தில் இடம் மீந்தால் சலுகை டிக்கெட்டில் மதுரைக்கு ஏறுவேன். அங்கிருந்து ஆரப்பாளையம் போய்த் திண்டுக்கல் பஸ். எல்லாம் சரியாக நடந்தால் பத்து மணிக்கு வீடு. ஆனால் இடம் மீந்தால்தான் ஏற முடியும் என்பதில் நான் ஒன்றை மறந்துவிட்டேன். முகூர்த்த நாளில் மதுரை விமானத்தில் இடம் மிஞ்சாது. ஒருமுறை வைகாசியில் தொடர்ந்து மூன்று விமானங்களைக் கவுன்டரில் நின்றே அனுப்பிவைத்தேன். பட்டுப் புடவைகளும் மாப்பிள்ளை வீட்டுத் தட்டுகளும் என்னைத் தாண்டிப் போயின. அன்று மாலை வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஓய்வு என்றே பதிவானது. தென்மாவட்டத்துக்காரர்கள் ரோஸ்டரை, அதாவது கம்பெனியின் மாத வேலை அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்னால் தினசரிக் காலண்டரைப் பாருங்கள்.

இனி மில்.

எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே ஜமால் அண்ணனின் மாவு மில். தகரக் கூரை. மோட்டாரும் பெல்ட்டும் சேர்ந்து ஓடினால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி அதிரும். தெருப் பெண்கள் மிளகாயும் மல்லியும் கோதுமையும் கொண்டுவருவார்கள். ஆனால் அவருக்கு உண்மையான வருமானம் பிரியாணிக் கடைகளால்தான். மூன்று கடைகளின் மசாலா அங்கேதான் அரைபட்டது. கடைக்காரர்கள் பத்து மணிக்கு மேல்தான் சரக்கைக் கொண்டுவருவார்கள், மதியத்துக்குள் அரைத்து வேண்டும். பட்டை, சோம்பு, ஏலக்காய் வாசனை தெருவை நிரப்பும். கல்லூரி வேலையில் இருந்த வரை எனக்கு அது வாசனை. பகலில் தூங்க வேண்டி வந்ததும் சத்தம்.

முதல் மாதம் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் லுங்கியோடு எழுந்துபோய் மில் வாசலில் நின்றேன். அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு, புருவமெல்லாம் மாவோடு வெளியே வந்தார்.

"என்ன தம்பி, தூக்கம் வரலியா?"

"ராத்திரி பூரா பறந்துட்டு வாரேன்ணே. பத்து மணிலேருந்து நாலு மணி வரைக்கும் கொஞ்சம் நிறுத்தி வைக்க முடியுமா? தினமும் இல்ல, நான் வார அன்னைக்கு மட்டும்."

அவர் யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன தம்பி. பிளேன் ஓட்டுற ஆளு தூங்காமப் போனா மேல இருக்க உங்களுக்கு மட்டுமா ஆபத்து? கீழ நாங்கல்ல இருக்கோம்" என்று சிரித்தார். "எந்தெந்த நாளுன்னு மட்டும் எழுதிக் குடுங்க."

நான் எழுதவில்லை. கம்பெனி கொடுக்கும் ரோஸ்டரையே நகலெடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மில் சுவரில் ஒட்டி, மூட்டைக்கு அடையாளம் போடும் சிவப்பு மையால் நான் வீட்டுக்கு வரும் நாட்களை வட்டமிட்டார். மாதம் பிறந்தால் புது ரோஸ்டர். பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவார். நாலைந்து மாதத்தில் எங்கள் தெருவே ஒரு சரக்கு விமானக் கம்பெனியின் அட்டவணைப்படி மிளகாய் காயவைக்க ஆரம்பித்தது.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா மில் வாசலில் பேசியது ஒருமுறை ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது.

"ஏன்டி, தூக்குச் சட்டியோட எங்க போற? இன்னைக்கு ஆகாது. செவப்பு வட்டம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வட்டம். நாளக்கழிச்சு வா."

"அம்புட்டு நாளும் தூங்குனா இந்த மனுசன் எப்பத்தான்க்கா பறப்பாரு?"

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாயைப் பொத்தியதுகூட என் தூக்கத்துக்காகத்தான். எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது. காய்கறி வண்டிக்காரர் எங்கள் தெருவுக்குள் வரும்போது ஒலிபெருக்கியை அணைத்தார். பையன்கள் கிரிக்கெட்டைக் கோயில் பக்கம் மாற்றினார்கள். பழைய பேப்பர்காரர் கூவாமல் கதவைத் தட்டினார், அதுவும் எங்கள் கதவை விட்டுவிட்டு. நின்றுபோன சத்தங்களை நான் எண்ணி வைத்திருந்தேன். சென்னையில் விமானிகள் அறையில், "எங்க தெருவே எனக்காக அடங்கிக் கிடக்கும்" என்று சொல்லிக்கொள்வேன்.

வசந்தாவும் அடங்கினாள். பள்ளி இல்லாத நாட்களில் குக்கர் வைக்க மாட்டாள், விசில் வரும் என்று. சோற்றை வடித்தாள். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்துக்குத் தேங்காய் அரைப்பதை முதல் நாளே முடித்தாள். அவள் என்னோடு பேச நினைத்ததையெல்லாம் நான் எழுந்து காப்பி குடித்த பிறகு, நான் மறுபடி கிளம்புவதற்கு முன்னால் பேச வேண்டியிருந்தது. அதற்கும் என் சார்ட்டில் கட்டம் இல்லை.

இரண்டாவது வருடம், அரையாண்டு விடுமுறை. அன்று காலை பத்து மணிக்கு வீடு வந்து, ஜன்னலில் கறுப்புத் துணியை இழுத்துவிட்டுப் படுத்தேன். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வருவதே அபூர்வம். அன்று பதினொன்றரைக்கு வந்திருக்கிறது. மோட்டார் போட்டால் பத்து நிமிடத்தில் தொட்டி நிறையும். மோட்டார் என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம். வசந்தா மோட்டாரைப் போடவில்லை. குடம் குடமாகப் பிடித்துப் பின்கட்டில் இருந்த டிரம்களை நிரப்பினாள். எத்தனையாவது குடம் என்று அவளுக்கு நினைவில்லை. ஈரத்தில் கால் வழுக்கித் துவைக்கிற கல்லின் மேல் விழுந்தாள். இடது மணிக்கட்டு எலும்பு உடைந்தது. புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம்.

அவள் கத்தவில்லை. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

என் அறைக் கதவைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனாள்.

எனக்குத் தாகம் எடுத்து மூன்று மணி வாக்கில் விழிப்பு வந்தது. "வசந்தா, தண்ணி" என்றேன். இரண்டாவது முறை கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். மூன்றாவது முறை, உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, கத்தினேன். பதில் இல்லை. எழுந்து போனால் பின்கட்டில் குடம் உருண்டு கிடந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. தரையில் வெற்றிலைச் சாறு மாதிரி ஏதோ. ரத்தம் என்று புரியச் செத்த நேரம் ஆனது.

வாசலுக்கு ஓடினேன். தெரு அமைதியாக இருந்தது. பாக்கியம் அக்கா மட்டும் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"எந்திரிச்சுட்டீங்களா? ஒண்ணும் பயமில்ல, பதறாதீங்க. டீச்சரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காக. ஜமாலண்ணனும் மும்தாஜக்காவும் கூட்டிட்டுப் போயிருக்காக. லோடு வண்டியில."

"வண்டியா? எனக்குச் சத்தமே கேக்கலியே?"

"எப்பிடிக் கேக்கும்? தெருமொன வரைக்கும் தள்ளிக்கிட்டுல்ல போனோம். நானும் ஒரு கை வச்சேன்."

நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தெருமுனையில் வண்டி திரும்பியது.

அந்தச் சின்ன லோடு வண்டி கிளப்பினால் எங்கள் தெரு முழுக்கக் கேட்கும். இப்போது சத்தமே இல்லாமல் வந்தது. முனையில் எஞ்சினை அணைத்துவிட்டு, பின்னால் மூன்று பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜமால் அண்ணன் கதவைத் திறந்து வைத்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்து வந்தார். அப்போதே அறுபதை நெருங்கியவர். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முன் சீட்டில் அண்ணனின் மனைவி மும்தாஜ் அக்காவின் தோளில் சாய்ந்து வசந்தா. நெற்றியில் கட்டு, கையில் மாவுக்கட்டு. தள்ளுகிற பையன் ஒருவன் ஏதோ பேச, அவள் நல்ல கையைத் தூக்கி உதட்டின் மேல் விரல் வைத்து அவனை அடக்கினாள்.

நான் வாசலில் நிற்பதை அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

முப்பது டன் சரக்கோடு, ஒரு எஞ்சினில் எச்சரிக்கை விளக்கு எரிய, மழையில் இறங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் கை என்ன செய்ய வேண்டும் என்று கைக்குத் தெரியும். அன்று என் வீட்டு வாசலில் எனக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஜமால் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார். "பெரிய அடியெல்லாம் இல்ல தம்பி. சின்ன எலும்புதான். ஆறு வாரத்துல சேந்துரும்னாக." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் நாலு ஆகலியே. போயிப் படுங்க. நாங்க பாத்துக்கிறோம்."

அவர் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளே வந்ததும் வசந்தாவிடம், "என்னை எழுப்ப வேண்டாமா?" என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்தது. அவமானம் எனக்கு எப்போதும் முதலில் கோபமாகத்தான் வரும்.

"எழுப்பி? அரைத் தூக்கத்துல வண்டி ஓட்டிக்கிட்டு வருவீக. நாளைக்கு ராத்திரி வேற பறக்கணும்." கட்டிலில் சாய்ந்துகொண்டாள். "எல்லாரும் இம்புட்டு நாளு சத்தம் போடாம இருக்காக. நானே போட்டா நல்லாவா இருக்கும்?"

காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்று அடுக்களைக்குப் போனேன். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை. ஏழு டப்பா திறந்தேன். ஏழாவதைத் திறக்கும்போது உள்ளேயிருந்து, "மேல் தட்டுல, பச்ச மூடி" என்றாள்.

அன்று இரவு நான் கண்ணை மூடவில்லை. காலையில் போகவில்லை என்றேன். மும்தாஜ் அக்கா கூட இருப்பார், போங்க என்றாள் அவள். போயிருக்கக் கூடாது. ஆனால் வீட்டில் நிற்பது அதைவிடக் கஷ்டமாக இருந்ததால் போனேன். உங்களுக்குச் சொல்கிறேன், கடமைக்காகப் போகவில்லை. அந்தத் தெருவில் நடக்க முடியாததால் பகல் ரயிலில் ஏறினேன். ஆறரை மணி நேரம் ஜன்னலோரம் விழித்தே உட்கார்ந்திருந்தேன்.

சாயந்திரம் ஏழு மணிக்கு விமானிகள் அறை. கேப்டன் அவர்தான், ஒட்டன்சத்திரத்து அம்மா. வானிலைத் தாளைப் புரட்டிக்கொண்டே, வெளியூரிலிருந்து வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"கடைசியா எப்பங்க தூங்குனீங்க?"

"ரெஸ்ட் எல்லாம் சரியா இருக்கு மேடம். வீட்டுலேருந்துதான் வாரேன். முப்பத்தாறு மணி நேரம்."

"நான் பேப்பரக் கேக்கலீங்க."

நான் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். நேற்று மூன்று மணிக்கு எழுந்தது. இப்போது ஏழு. இருபத்தெட்டு மணி நேரமாக விழித்திருக்கிறேன். விடியும்போது இறங்கினால் முப்பத்தொன்பது. இந்தக் கணக்கை ரயிலிலேயே போட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் இதை எண்ணாமல் தவிர்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் வண்டி தள்ளிய கதையைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன், பச்சை மூடி வரைக்கும்.

அவர் மேசைத் தொலைபேசியை என் பக்கம் நகர்த்தினார்.

"நான் பேசுனா உங்கள எறக்கி விட்ட மாதிரி ஆயிரும். நீங்களே சொல்லிருங்க."

வேலையில் நான் எடுத்த முடிவுகளில் ஒன்று சரி என்று சொல்ல வேண்டுமானால் அந்தத் தொலைபேசியை எடுத்ததைத்தான் சொல்வேன். அதுவும் நானாக எடுக்கவில்லை, ஒருவர் நகர்த்திக் கொடுத்து எடுத்தேன். மறுமுனையில் டியூட்டி போடும் ஆள் என் பெயரைக் கேட்டதும் திரையைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

"ஃபிட் இல்லயா? ஏன் சார், ஒன்றரை நாள் வீட்டுல இருந்துட்டுத்தானே வரீங்க?"

"ஆமா, வீட்டுலதான் இருந்தேன்" என்றேன்.

மாற்று விமானி வருவதற்குள் விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானது. வந்த பையன் என் பேட்ச்தான், விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்திருந்தவன். மதியம் முழுக்கத் தூங்கிய முகம். என்னைப் பார்த்து, "உடம்பு சரியில்லையா சார்?" என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். கேப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "டீச்சர்கிட்டப் பேசிட்டுப் படுங்க சார். அவிங்களும் நேத்துத் தூங்கியிருக்க மாட்டாங்க."

பேசினேன். அவளும் தூங்கியிருக்கவில்லை. அன்றும் நான் போய்ச் சேர்ந்தேனா என்று படுக்காமல் காத்திருந்தாளாம்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். தியாகம் செய்கிற முகத்தோடு சொல்லியிருப்பேன்.

"விட்டுட்டு? வீட்டுல உக்காந்து அரிசிய எண்ணிக்கிட்டு என் உசுர வாங்கவா?" என்றாள். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "பதிமூணு நாளு எனக்கு வேணாங்க. கொறச்சு வாங்க. ஆனா தூங்கி முழிச்சுட்டு வாங்க. இந்த வீட்டுக்குத் தூங்க வராதீங்க."

அந்த மாதமே பல்லாவரத்தில் ஒரு அறையில் கட்டில் பிடித்தேன். எட்டுப் பேர், ஆறு கட்டில். ஒருவர் எழுந்தால் ஒருவர் படுப்பார். அவரவர் விரிப்பை அவரவர் கொண்டுவர வேண்டும். படுத்திருப்பவரை யாரும் எழுப்பக் கூடாது, எழுந்தவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். அந்த விதிகள் அங்கே பொருந்தின. அங்கே இருந்த எல்லோருக்கும் ஒரே வேலை, எல்லோரும் எல்லோருக்காகவும் அடங்கினோம். பறந்துவிட்டு வந்தால் அங்கே தூங்கினேன். பறப்பதற்கு முதல் நாளே வந்தும் அங்கே தூங்கினேன். வீட்டுக்குப் போகும் நாட்கள் ஏழாகக் குறைந்தன. சார்ட்டில் அது பெங்களூரைவிடக் குறைவு.

ஆக, தொலைபேசியில் கேட்ட பெண்ணே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். சென்னையா பெங்களூரா என்பதை அப்புறம் பார்த்துக்கொள். பறப்பதற்கு முன்னாலும் பறந்து வந்த பின்னாலும் எந்தக் கட்டிலில் படுப்பாய் என்பதை முதலில் முடிவு செய். அந்தக் கட்டில் பேஸ் இருக்கும் ஊரில் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் உன் தூக்கத்துக்குக் காவல் இருக்கும்படி வைக்காதே. அவர்கள் சந்தோஷமாகத்தான் செய்வார்கள். அதனால் அது தவறு என்று உனக்குத் தெரியவே தெரியாது.

மில் விஷயம் இன்னும் முடியவில்லை. ஜமால் அண்ணனிடம் போய் இனிமேல் நிறுத்த வேண்டாம் என்றேன். "பரவால்ல தம்பி, பழகிருச்சு" என்றார். சுவரில் இருந்த ரோஸ்டரை நானே பிய்த்தேன். பசை நன்றாக ஒட்டியிருந்ததால் சிவப்பு வட்டங்களில் பாதி சுவரிலேயே நின்றுவிட்டன. மும்தாஜ் அக்காதான் பேச்சுவாக்கில் சொன்னார், மூன்று பிரியாணிக் கடைகளில் இரண்டு முதல் வருடமே வேறு மில்லுக்குப் போய்விட்டன என்று. நேரத்துக்கு மசாலா கிடைக்காவிட்டால் அவர்கள் என்ன செய்வார்கள்? அண்ணன் அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த இரண்டு கடைகளுக்கும் போய், மறுபடி அண்ணனிடமே அரைக்கச் சொல்லிக் கேட்டேன். முதல் கடையில் முதலாளி ஒத்துக்கொண்டார். இரண்டாவது கடையில் சமையல் மாஸ்டர் அண்டாவைக் கிளறிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு, பைலட் சாரா? அங்க அரைச்சா உங்க தூக்கம் கெட்டுருமே சார்?"

அடுப்படியில் இருந்த ஐந்து பேரும் சிரித்தார்கள். நான் நின்றேன். அவர் கிளறி முடிக்கும் வரை நின்றேன். "வேற எடத்துல நல்லாத்தான் அரைக்கிறாங்க சார், போய்ட்டு வாங்க" என்றார். அந்தக் கடை திரும்பி வரவே இல்லை.

நான் ஓய்வு பெற்று வீட்டோடு வந்து நாலு வருடமாகிறது. இப்போது மாதத்துக்கு முப்பது நாளும் வீட்டில்தான், பகலெல்லாம் விழித்துத்தான். தொட்டியில் தண்ணீர் எத்தனை அங்குலம் என்று பார்த்துக்கொண்டு, கேஸ் எத்தனை நாள் வரும் என்று கேட்டுக்கொண்டு வசந்தாவின் உயிரை வாங்குகிறேன், அவள் சொன்னபடியே. மழை வரும் முன்னால் அவளுக்கு இடது மணிக்கட்டு வலிக்கும். சொல்ல மாட்டாள். குடத்தை வலது இடுப்புக்கு மாற்றுவாள். நான் போய் வாங்கிக்கொள்வேன்.

ஜமால் அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது. மில்லை மகன் பார்க்கிறார். ஆனாலும் அண்ணன் காலையில் வந்து மோட்டார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். நேற்று மிளகாய் அரைக்கத் தூக்குச் சட்டியோடு போனேன். நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள், மில் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கை தானாக சுவிட்சுக்குப் போய்விட்டது. மில் நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஓடட்டும்ணே, ஓடட்டும்" என்றேன்.

அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. "தூங்கலியா தம்பி?" என்றார்.